கரி எரியும் தூரம்

சங்ககிரியைத் தாண்டி நான்குவழிச் சாலையில் வண்டியை ஏற்றியதும் கோகிலவாணிக்கு முதலில் தோன்றியது, பேசாமல் திரும்பிப் போய்விடலாம் என்பதுதான். திரும்ப முடியாது. திரும்பவும் கூடாது, நிற்கவும் கூடாது. மெக்கானிக் மோகனசுந்தரம் அப்படித்தான் சொல்லி அனுப்பினான். "நாலாவது கியர்ல போட்டுக்குங்கக்கா, ஆர்பிஎம் முள்ளு ரெண்டாயிரத்துக்குக் கீழ எறங்கக் கூடாது, அறுவது எழுவதுலயே பெருந்துறை வரைக்கும் உடுங்க, அந்த மஞ்ச லைட்டு அணையற வரைக்கும் எங்கயும் நிறுத்தீராதீங்க." சொல்கிறவனுக்கென்ன, சொல்லிவிட்டுக் கையை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். மூன்றாவது கியரைத் தாண்டி இந்த வண்டியை அவள் ஓட்டியதே கிடையாது என்று அவனுக்கு எப்படித் தெரியும். திருச்செங்கோட்டுக்குள் எங்கே நாலாவது கியர் போடுவது, வீட்டிலிருந்து வேலைக்கு மெடிக்கல் ஷாப்புக்கு, அங்கிருந்து மகள் தன்யாவின் பள்ளிக்கூடத்துக்கு, மறுபடி வீட்டுக்கு, நடுவில் எருமை, ஆட்டோ, தேர்வீதியில் கூட்டம். இப்போது முள் இரண்டாயிரத்து நூறில் நிற்கிறது, கால் அசைந்தால் முள்ளும் அசைகிறது. அதற்குக் கீழே அந்த மஞ்சள் விளக்கு, ஒரு பெட்டிக்குள் புள்ளி புள்ளியாய் எதையோ அடைத்து வைத்தது மாதிரி ஒரு படம், மூன்றாவது தடவையாக வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறது, அழையா விருந்தாளி. அடைத்திருப்பது கரி. புகைக்குழாயில் ஒரு ஃபில்டர் இருக்கிறதாம், டிபிஎஃப் என்று பெயராம், புகையிலிருக்கும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளுமாம், வண்டி நன்றாகச் சூடேறி ஓடும்போது அந்தக் கரியைத் தானே எரித்துக்கொள்ளுமாம். எரியவில்லை. இந்தத் தடவையும் எரியாவிட்டால் வண்டியை விற்றுவிடுவதாக, போர்வெல் ரிக்கோடு போயிருக்கிற அவள் புருஷன் நவநீதன் ராய்ப்பூரிலிருந்து போனில் சொல்லிவிட்டான், "வெச்சுட்டு அழுவ முடியாது கோகிலா, நான் தைக்கு வர்றப்ப ஒரு பார்ட்டியக் கூட்டிட்டு வந்துர்றேன், உனக்கு ஸ்கூட்டர் போதும்." போதுமாம். போதும் போதாது என்பதை ராய்ப்பூரிலிருந்து அளக்கிறார். அவள் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தார், அவளுடைய மாமனார் பொங்கியண்ணன், சலவைச் சட்டையும் தோளில் துண்டுமாக, கல்யாண வீட்டுக்குக் கிளம்பினவர் மாதிரி. அவரை அவள் கூப்பிடவில்லை. வண்டியை எடுத்தபோது கதவைத் திறந்து அவராகவே ஏறிக்கொண்டார், "இஞ்சின் எப்பிடி ஓடுதுன்னு நான் பாக்கோணும் அம்மிணி" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

ஊருக்கே கேட்கும்படிதான் அவர் எதையும் சொல்வார். நாற்பது வருஷம் போர்வெல் ரிக் லாரியில், கம்ப்ரஸர் பக்கத்திலேயே நின்று, பூமியைத் துளைக்கிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு இரண்டு காதும் அடைந்துபோனவர். அவரிடம் பேசுகிறவர்களும் அப்படித்தான் பேசியாக வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில் கோகிலவாணிக்குத் தொண்டையே வராது, மாமனாரைப் பார்த்துச் சத்தம் போடுவதா என்று. இப்போது வீதி முழுக்க அவள் குரல்தான். ஒரு நாள் எதிர்வீட்டு சரஸக்கா வாசலில் நிறுத்தி ரகசியமாகக் கேட்டாள், "ஏங் கோகிலா, வெடியால மாமனாரோட என்ன சண்டை?" "சண்டையில்லீங்க்கா, தோசைக்குச் சட்னியா சாம்பாரான்னு கேட்டனுங்க." சரஸக்கா நம்பவில்லை. நம்பவே மாட்டாள், அந்தக் குரலில் சட்னியைக் கேட்டாலும் சண்டை மாதிரிதான் இருக்கும். செவிடன் காதில் சங்கு ஊதின கதை என்று அந்த வீட்டில் யாரும் வாய்தவறிக்கூடச் சொல்வதில்லை, தன்யா ஒரு தரம் பள்ளிக்கூடப் பாடத்தில் அதை வாய்விட்டுப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தித் தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள், அவர் பாட்டுக்கு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தார். அத்தை இருந்தவரைக்கும் இவ்வளவு கத்தல் கிடையாது. அத்தை அவர் கையைத் தொடுவாள். முழங்கைக்கு மேலே ஒரு தொடல், எழுந்து சாப்பிடப் போவார், மணிக்கட்டில் ஒரு தொடல், மாத்திரை போடுவார். மருமகள் தொட்டுப் பேச முடியுமா. அதனால்தான் கத்துகிறாள். கத்தாமல் சொல்ல வேண்டிய ஒன்றை இன்றைக்கு அவள் சொல்லியாக வேண்டும், அதுதான் பயம், லாரிகள் அல்ல, லாரிகளும்தான், முன்னால் ஒரு சிமெண்ட் லாரி இரண்டு தடத்தையும் பங்கு போட்டுக்கொண்டு சொந்தக் காட்டில் உழுகிறவன் மாதிரி போகிறது, ஹாரனை அடித்தாள், அது நகரவில்லை, முள் இறங்குகிறது, ஆயிரத்து எண்ணூறு. மாமா நான்கு விரலைக் காட்டி, ஒன்றை மடக்கி மூன்றாக்கினார். மூணாவதுக்கு எறக்கு. இறக்கினாள், இன்ஜின் உறுமியது, முள் ஏறியது, லாரி இடதுபக்கம் ஒதுங்கியது, தாண்டிய பிறகுதான் மூச்சு வந்தது. மாமா உள்ளங்கையை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டார். காதால் கேட்காததை அவர் கையால் கேட்பார்.

சொல்ல வேண்டியது ஒரு வரிதான். மாமா, காலையில் நீங்கள் வண்டியை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வைத்து ஓட விடுகிறீர்களே, அதனால்தான் அடைக்கிறது. முந்தாநாள் மோகனசுந்தரம் லேப்டாப்பை மாட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதும் இதுதான். முதல் தடவை விளக்கு எரிந்தபோது ஏதோ சென்சார் பைப்பில் அழுக்கு என்று கழற்றி ஊதி மாட்டினான். இரண்டாம் தடவை ஷெட்டிலேயே வண்டியை நிறுத்தி லேப்டாப்பிலிருந்தே கரியை எரிக்கச் சொல்லி உத்தரவு கொடுத்தான், பின்னால் அனல் அடித்தது, ஒரு நாயும் கிட்ட வரவில்லை. மூன்றாம் தடவைதான் நெற்றியைச் சொறிந்துகொண்டு, "அக்கா, இதுல ஒரு விசயம் ஒதைக்குதுங்க, வண்டி ஓடுனது கொஞ்சம், இஞ்சின் ஓடுனது ரொம்ப, நின்ன எடத்துலயே மணிக்கணக்கா ஓடியிருக்குது, வெடியால ஆராச்சும் ஸ்டார்ட் பண்ணி உடறீங்களா" என்றான். யாராச்சும். அந்த யாராச்சும் அப்போது ஷெட் வாசலில் நின்றுகொண்டு, கிளட்ச்சில் காலை வைத்தே வண்டி ஓட்டும் பெண்களைப் பற்றி டயர்க்கடைக்காரரிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். "என்ற மருமவ ரெண்டாவது கியர்லயே ஊரச் சுத்துவா, அதா, அதனாலதான் கரி கட்டுது." டயர்க்கடைக்காரர் கோகிலவாணியைப் பார்த்தார். மோகனசுந்தரமும் பார்த்தான். அவள் லேப்டாப்பைப் பார்த்தாள், பச்சையும் சிவப்புமாக என்னென்னவோ கோடுகள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று அப்போதே வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால் கத்தியிருக்க வேண்டும், ஷெட்டில் எட்டுப்பேர் வேலை செய்கிறார்கள். மோகனசுந்தரம் குரலைத் தாழ்த்தி, "சும்மா நின்னு ஓடுனா பொகைதாங்க்கா வரும், சூடு வராது, எரிக்க ஆரம்பிக்கறப்ப ஆஃப் பண்ணீர்றாங்க, எரிக்கறதுக்கு ஊத்துன டீசலு எரியாம இஞ்சின் ஆயில்ல எறங்கிருது, ஆயிலு மட்டம் ஏறியிருக்குது பாருங்க" என்று குச்சியை எடுத்துக் காட்டினான். ஆயில் மட்டம். அந்தக் குச்சியை மாமா ஞாயிறுதோறும் எடுத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு அவளையும் கூப்பிட்டுக் காட்டுவார், "பாத்தியா அம்மிணி, சொட்டுக் கொறையல, ஏறித்தான் இருக்குது, அப்பிடி வெச்சிருக்கறேன்."

அப்பிடித்தான் வைத்திருக்கிறார். விடிவதற்கு முன் எழுந்து, முகம் கழுவி, திருநீறு வைத்து, சாவியை எடுத்துக்கொண்டு போய் வண்டியைக் கிளப்பிவிட்டு, பானட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். ரிக் வண்டியில் அதுதான் வழக்கம். கம்ப்ரஸர் இன்ஜினை எடுத்த எடுப்பில் வேலைக்கு விடக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுச் சூடேற்ற வேண்டும், அதில் தவறினவனை மேனேஜர் வண்டியிலிருந்தே இறக்கிவிடுவான். அந்தக் கடமையை இந்தச் சின்னக் காருக்கும் அவர் தவறாமல் செய்தார், மழையில் குடை பிடித்துக்கொண்டு செய்தார், அத்தையின் கருமாதியன்று காலையிலும் செய்தார், சாம்பிராணி வாசனைக்குள் டீசல் புகை கலந்து வந்தபோது யாரோ ஒரு சித்தி முகம் சுளித்தாள். கோகிலவாணி முகம் சுளிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்கு அந்த நேரம் பிடிக்கும். அடுப்படி ஜன்னல் வழியாக இன்ஜின் சத்தம் வந்துகொண்டிருக்கும்வரைக்கும் அவள் யாரையும் பார்த்துக் கத்த வேண்டியதில்லை. அப்படியானால் இதில் தனக்கும் பங்கு இல்லையா. இருக்கிறது. நின்று ஓடும் வண்டியைப் பார்த்து ஒரு நாளாவது போதும் நிறுத்துங்கள் என்றாளா. அதுமட்டுமா, அவளுடைய ஓட்டம் மட்டும் என்ன வாழ்கிறது, மோகனசுந்தரமே சொன்னான், "உங்க ஓட்டமும் பத்தாதுதாங்க்கா, கடைக்கும் பள்ளிக்கோடத்துக்கும் போனா இஞ்சின் சூடாகறதுக்குள்ள எடமே வந்துருது." அப்படியானால் யாரால். பாதி அவரால், பாதி இவளால். இல்லை, முக்கால் அவரால். முக்காலா, அவள் எதை வைத்து முக்கால் போட்டாள், மாத்திரையை உடைத்துக் கொடுக்கிறமாதிரி பழியையும் உடைத்துப் பார்க்கிறாள். யோசித்துப் பார்த்தால் முழுக்க நவநீதனால். அவன்தானே சொன்னான், வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தின அன்றைக்கே சாவியை அப்பா கையில் வைத்து அவர் காதுக்குள் கத்தினான், "நீங்க ஓட்ட வேண்டாமுங்கப்பா, ஹாரன் கேக்காது, தெனம் ஸ்டார்ட் மட்டும் பண்ணி உடுங்க, பேட்டரி போயிராம." அதைத்தான் மனுஷன் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அப்படியானால் நவநீதனிடமே சொல்லிவிட்டால் என்ன. சொல்லலாம். சொன்னால் அவன் அடுத்த நிமிஷமே போன் போட்டு, சாவியைத் தொடாதீங்க என்பான், ஒரே வரி. ரிக்கிலிருந்து அப்பாவை இறக்கியபோதும் அப்படித்தான் ஒரே வரியில் இறக்கினான்.

போன் அடித்தது. ஏசி துவாரத்தில் மாட்டியிருந்த போனில் நவநீதனின் முகம், ரிக் மேல் ஏறி நின்று எடுத்தது, தலையில் மஞ்சள் தொப்பி. நினைத்தால் வந்துவிடுகிறான், நூறு வயசு. எடுக்க முடியாது, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தவிர எடுத்து என்ன சொல்வது, எரிந்துகொண்டிருக்கிறது என்றா. மாமாவுக்குச் சத்தம் கேட்கவில்லை, வெளிச்சம் பட்டுத் திரும்பினார், மகனின் முகத்தைப் பார்த்தார், எடுக்க வேண்டாம் என்று கையை அசைத்தார், "ஓட்டறப்ப என்ன போனு." போன் அடித்து ஓய்ந்தது. அடுத்தது போலீஸ்காரர்கள் வைத்த தடுப்பு, ரோட்டின் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமாக, வண்டிகள் பாம்பாக நெளிந்து நெளிந்து போகின்றன. இது போச்சு, எல்லாம் போச்சு, இதற்குள் பாதி எரிந்திருக்குமா, பாதியில் நின்றால் மறுபடி முதலிலிருந்தா, மோகனசுந்தரம் தடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. இரண்டாவது கியர், முள்ளை மட்டும் இறங்கவிடாமல் மிதித்து, நெளிந்து, முன்னாலிருந்த வேனை இடிக்காத குறையாக, வெளியே வந்தாள். முதுகில் வேர்வை ஓடியது. மாமா தலையாட்டினார். பாராட்டா, கண்டிப்பா, தெரியவில்லை. கையால் பேசியே பழகினவர். ரிக்கில் யார் யாரிடம் வாய் திறப்பார்கள், கட்டைவிரல் மேலே என்றால் ராடைத் தூக்கு, கீழே என்றால் இறக்கு, முஷ்டியை மடக்கினால் நிறுத்து. அந்தப் பாஷையில் உங்களால்தான் என்பதற்கு என்ன சைகை. இருக்காது. அப்படி ஒரு சைகை இருந்தால் அன்றைக்கு அந்த ஒடிசாக்காரப் பையனுக்கும் யாராவது காட்டியிருப்பார்களே. நவநீதன் ஒரு தரம் குடித்துவிட்டு அவளிடம் சொன்னது. சத்தீஸ்கரில் எங்கோ ஒரு மக்காச்சோளக் காட்டில், ராடு மாட்டுகிறவன் விரல் சிக்கிக்கொண்டதும் கத்தினானாம், நிறுத்து நிறுத்து என்று கத்தினானாம், லீவர் மாமாவின் கையில், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், மூன்று பேர் கத்தினார்களாம். இரண்டு விரல். மறுநாளே அப்பாவுக்கு ரயில் டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான் நவநீதன். மாமா வந்து இறங்கிய அன்று வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார், அத்தை வந்து கையைத் தொட்ட பிறகுதான் உள்ளே வந்தார். கத்தியும் கேட்காமல் போனதால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவரிடம், கத்திச் சொல்ல வேண்டும்.

எதிர்த்தடத்தில் ஒரு ரிக் லாரி வந்தது. நீலமும் ஆரஞ்சுமாகப் பெயிண்ட் அடித்து, முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழம் தொங்க, பின்னாலேயே கம்ப்ரஸர் லாரி, ஊரிலிருந்து கிளம்பி அவினாசி போய்ப் பூஜை போட்டுவிட்டுத் திரும்புகிற புது வண்டியாக இருக்கும். மாமா கையைத் தூக்கினார். யாருக்கும் தெரியாத, யாரும் பார்க்காத கை. லாரி போய்விட்டது, கை கொஞ்ச நேரம் அப்படியே நின்று பிறகு டேஷ்போர்டுக்குத் திரும்பியது. கோகிலவாணிக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, உடனே கோபமும் வந்தது, இப்படி இரக்கப்பட்டுக்கொண்டே இருந்தால் வண்டியைத் தை மாசம் எவனோ ஓட்டிக்கொண்டு போய்விடுவான். வண்டி போனால் அவளுக்கு என்ன போகும் என்று நவநீதனுக்குத் தெரியுமா. வீட்டுக்கும் கடைக்கும் நடுவே, கண்ணாடியை ஏற்றிவிட்டால், யாரும் கத்தாத, யாரையும் பார்த்துக் கத்த வேண்டாத பத்து நிமிஷம். கடையில் போய் உட்கார்ந்தால் மறுபடி சக்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, தம்பி சில்லறை இல்லையா. அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் பாட்டுக்கூடப் போடுவதில்லை. ஸ்கூட்டரில் அது கிடைக்காது, ஹெல்மெட்டுக்குள்ளும் ஊர் கேட்கும். அதை விடமாட்டாள். அப்படியானால் சொல்லு. இப்போது சொல்லு. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், சாதாரணக் குரலில், ஒத்திகை பார்க்கிற மாதிரி அவள் சொன்னாள், "ஏனுங்க மாமா, உங்களாலதானுங்க இது." மாமா அசையவில்லை. இன்னொரு தரம், "காலைல நீங்க ஓட உடறதுதானுங்க மாமா வினை." வார்த்தை வெளியே வந்ததும் எவ்வளவு அசிங்கமாக இருந்தது, வினையாம். வேறு மாதிரி, "அதைக் கொஞ்சம் கொறைச்சுக்கலாமுங்களா மாமா." இது தேவலை. ஆனால் இந்தத் தேவலையைக் கத்திப் பார்த்தால் என்ன ஆகும், கொறைச்சுக்கலாமுங்களா என்று கத்த முடியுமா, கத்தினால் குழைவெல்லாம் உதிர்ந்து கட்டை மட்டும்தான் போய் விழும். வண்டி காவிரிப் பாலத்தில் ஏறியது. வலதுபக்கம் தண்ணீர் பரந்து கிடந்தது, பார்க்கக் கூடாது, பார்த்தால் ஸ்டியரிங் அந்தப் பக்கம் போகும், அவள் பார்க்கவில்லை, பார்க்காமலே தண்ணீரின் குளிர்ச்சி கையில் தெரிந்தது. முள் இரண்டாயிரத்து இருநூறு. விளக்கு எரிகிறது. ஏதோ காய்ந்த வாடை, தோசைக்கல்லைத் தண்ணீர் தெளிக்காமல் விட்டமாதிரி, அடியிலிருந்து வருகிறது. தீப்பிடித்துவிடுமா. எரிய வேண்டும் என்றுதானே வந்தோம், எரிந்தால் பயப்படுகிறோம். மாமாவின் மூக்கு அகன்றது, அவர் சிரித்தார், "எரியுது அம்மிணி, எரியுது, உடாத."

விடவில்லை. லட்சுமி நகரும் சித்தோடும் எப்போது வந்தன எப்போது போயின என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. சொல்லு, சொல்லாதே, விளக்கு அணைந்தால் சொல்லிக்கொள்ளலாம், அணையாவிட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும், அணைந்தால் எதற்குச் சொல்வது, அணைந்தாலும் நாளைக் காலை மறுபடி பானட் திறக்கும், மறுபடி கரி. செக்கு மாடு மாதிரி அதையே சுற்றி வந்தது புத்தி, நாலாவது கியரில் வண்டி, மூன்றாவது கியரில் மனசு. ஒரு பஸ் அவளைத் தாண்டிப் போய்ச் சட்டென்று இடதுபக்கம் ஒடித்தது, பிரேக்கை மிதிக்கப் போன காலை மாமாவின் குரல் நிறுத்தியது, "மிதிக்காத, வலதுல போ!" வலதில் போனாள். உயிர் இருந்தது. அப்புறம் இரண்டு மைல்போல ஒன்றும் யோசிக்காமல் ஓட்டினாள், யோசிக்காமல் இருப்பது இவ்வளவு சுகமா. திடீரென்று மாமா இன்னொரு கையையும் டேஷ்போர்டில் வைத்தார், கண்ணை மூடிக்கொண்டார், குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று தொட்டுப் பார்ப்பவர் மாதிரி இருந்தது அவர் முகம். "முடிஞ்சுது" என்றார். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. "முடிஞ்சுது அம்மிணி, இஞ்சின் லேசாயிருச்சு." எங்கே முடிந்தது, அவள் பார்க்கிறாளே, அதோ மஞ்சள், அதோ புள்ளிகள், கிழவருக்கு எல்லாம் தெரிந்தமாதிரிதான் பேச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்தது. அணைந்த இடத்தில் வெறும் கறுப்பு. கோகிலவாணி வாய்விட்டுச் சிரித்தாள். மாமாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு பேரும் கொஞ்ச தூரம் போனார்கள்.

பெருந்துறைக்கு முன்னால் புளியமரத்தடியில் ஒரு இளநீர்க்கடை இருந்தது, அங்கே ஒதுக்கினாள். இன்ஜினை அணைக்கப் போன கையை மாமா தடுத்தார், "ஓடட்டும், உடனே அமத்தக் கூடாது, ஆறட்டும்." இறங்கினார்கள். பைக்கில் வந்த ஒரு புருஷன் பெண்டாட்டி ஆளுக்கொரு இளநீருடன் நின்றிருந்தார்கள், கடைக்காரர் அடுத்த காயைக் கையிலெடுத்துத் தட்டிக்கொண்டிருந்தார். மாமா பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். முகத்தில் அப்படியொரு நிறைவு, அத்தை போன பிறகு அவள் பார்க்காத முகம். இன்றைக்கு வேண்டாம், இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் சொல்ல முடியும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நவநீதனே சொல்லட்டும். அப்போதுதான் மாமா அவள் பக்கம் திரும்பி, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார், "நான் ஓட உடறது பத்தல போலருக்குது அம்மிணி. உன்ற கிளட்ச்ச மட்டும் கொற சொல்லிப் புண்ணியமில்ல. நாளையிலிருந்து வெடியால ஒரு மணி நேரம் நல்லா ஓட உட்டர்றேன். அப்பறம் அந்த லைட்டு எப்பிடி வருதுன்னு பாக்கறேன்."

அவளைக் காப்பாற்றத்தான் சொல்கிறார். அவள்மேல் போட்ட பழியைத் தன் தலையில் கொஞ்சம் ஏற்றிக்கொள்கிறார், அதுவும் தப்பான இடத்தில் ஏற்றிக்கொள்கிறார். இதைக் கேட்டபிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தால் வண்டி தைவரை கூடத் தாங்காது. ஒத்திகை பார்த்த வரியெல்லாம் எங்கே போனது என்றே தெரியவில்லை. "மாமா, அது வேண்டாமுங்க" என்றாள். "ஏங்?" என்றார். இன்ஜின் வேறு ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க ஓட உடறதுனாலதானுங்க அடைக்குது!" "என்ன?" "நீங்க காலைல ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி ஓட உடறீங்கல்ல, அதனாலதான் மாமா அடைக்குது! இந்த வண்டிய நின்ன எடத்துல ஓட உடக் கூடாது! மெக்கானிக்கு சொல்லீட்டானுங்க! உங்களாலதான்!" தட்டிக்கொண்டிருந்த காய் நின்றது. பைக்கில் வந்தவனின் பெண்டாட்டி ஸ்ட்ராவிலிருந்து வாயை எடுத்துவிட்டு கோகிலவாணியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெரிய மனுஷரை நடுரோட்டில் நிற்கவைத்துக் கத்துகிறாளே படுபாவி என்கிற பார்வை. பார்க்கட்டும். அவள் மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுப்பார் என்று நினைத்தாள். எனக்குத் தெரியாத இன்ஜினா என்பார், மெக்கானிக்கின் அப்பனையே நான் பார்த்தவன் என்பார், கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். வழிநெடுக அதற்கெல்லாம் அவள் பதில் தயார் செய்து வைத்திருந்தாள். மாமா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பானட்டிலிருந்து கையை எடுத்தார், எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர் மாதிரி துண்டில் துடைத்தார்.

"இத்தன நாளும் அதனாலதானா?" என்றார். அவள் தலையாட்டினாள். "அப்ப ஸ்டார்ட்டே பண்ணக் கூடாதா?" "வேண்டாமுங்க மாமா" என்று மறுபடி கத்தினாள், கத்திக்கொண்டே அவர் பக்கத்தில் போய் நின்றாள், "வாராவாரம் ஞாயித்துக்கெழம நம்ம ரெண்டு பேரும் இப்பிடியே பெருந்துறை வரைக்கும் ஒரு ஓட்டம் வந்துட்டுப் போயிரலாமுங்க! அது போதும் மாமா! நீங்க கூட இருந்தா நான் ஓட்டீருவேன்!" அவர் அதை யோசித்தார். நல்ல யோசனைதான் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார். ஒரு லாரி போனது, அதன் காற்றில் அவருடைய துண்டு தோளிலிருந்து சரிந்தது, எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. பிறகு பேசினார். இத்தனை வருஷத்தில் அவர் கத்தாமல் பேசி அவள் கேட்டதேயில்லை, இன்ஜின் சத்தத்தில் அவள்தான் குனிந்து காதைக் கொடுக்க வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கெழம செரி அம்மிணி. மத்த நாளைக்கு எந்திரிச்சு நான் என்ன பண்றது?"